உருவப்படத்துப் பூக்கள் வெறும் அலங்காரமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் லெம்பா பெர்த்தாமைச் சேர்ந்த பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓவியர் ஒருவர் ஒரு பெண்ணின் உருவப்படத்தை வரைகிறார். கண், மூக்கு, உதடு எல்லாம் அச்சாக அமைந்துவிட்டன. பார்ப்பவர்கள் இன்னாருடைய படம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அத்துடன் வேலை முடிந்துவிட வேண்டியதுதானே? ஆனால் ஓவியர் தூரிகையைக் கீழே வைப்பதில்லை. சேலைக் கரையில் பூவேலை செய்கிறார். கூந்தலில் ஒரு சரம் வைக்கிறார். பின்சுவரில் ஒரு கொடியைப் படர விடுகிறார். சில படங்களில் முகத்துக்கு ஆன நேரத்தைவிடப் பூவுக்கு ஆன நேரமே அதிகமாக இருக்கும்.

ஏன் இப்படி என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "சும்மா, ஓர் அழகுக்காக" என்பதுதான். அந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து. முகம், அவர் யார் என்று சொல்கிறது. பூ, அவர் எங்கிருந்து வந்தார், எந்த ஊர்த் துணியை உடுத்தினார், எவரோடெல்லாம் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார் என்று சொல்கிறது.

சாமந்தியும் ஓர் அதிபரும்

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் உருவப்படம் 2018 பிப்ரவரியில் வாஷிங்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் திறந்து வைக்கப்பட்டது. வரைந்தவர் கெஹின்டே வைலி என்ற ஓவியர். அதிபரின் படம் என்றால் பின்னால் கொடி, புத்தக அலமாரி, கனமான திரைச்சீலை இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அசந்து போனார்கள். படம் முழுக்கப் பச்சை இலைகள். நடுவே ஒரு நாற்காலியில் ஒபாமா. இலைகளுக்கிடையே அங்கங்கே மூன்று வகைப் பூக்கள்.

அந்த மூன்றும் தற்செயலாக வந்தவை அல்ல. மல்லிகை, அவர் பிறந்த ஹவாய்த் தீவுகளுக்கு. ஆப்பிரிக்க நீல லில்லி, அவருடைய தந்தையின் நாடான கென்யாவுக்கு. சாமந்தி, அவருடைய அரசியல் வாழ்க்கை தொடங்கிய சிக்காகோ நகருக்கு. ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றை ஓர் எழுத்துகூட எழுதாமல் மூன்று பூக்களால் சொல்லிவிட்டார் ஓவியர்.

அந்தச் சாமந்தி, நம் கேமரன் மலைக்காரர்களுக்கு அன்றாடம் சோறு போடும் பூ. லெம்பா பெர்த்தாம் பக்கம் இரவில் வருபவர்கள், பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் வரிசை வரிசையாக விளக்கு எரிவதைப் பார்த்து வியப்பார்கள். சாமந்தி, இரவு நீளும் பருவத்தில் மொட்டு விடும் செடி. விளக்கைப் போட்டு இரவைச் சுருக்கினால் மொட்டு விடாமல் தண்டு உயரமாக வளரும். உயரம் போதும் என்றதும் விளக்கை நிறுத்துவார்கள், பூ வரும். இத்தனை நுணுக்கமாக வளர்த்து, வெட்டி, கட்டி அனுப்பும் நாம், ஓவியத்தில் அதே பூவைக் கண்டால் "அலங்காரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கையில் ஒரு பூ, ஓரத்தில் ஒரு தோட்டம்

உருவப்படத்தில் பூ பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். கையில் அல்லது தலையில், உடுத்திய துணியில், பின்னணியில் அல்லது ஓரச் சட்டத்தில். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

கையில் பூ ஏந்துவது பழைய வழக்கம். அஜந்தாவின் முதல் குகையில் நீலத் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவரை நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். அது ஒரு தனி மனிதரின் உருவப்படம் அல்ல என்றாலும், அருளும் மென்மையும் உடையவர் கையில் பூ இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே வேரூன்றிவிட்டது. துருக்கியில் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1480 வாக்கில் வரையப்பட்ட தம் உருவப்படத்தில் ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார். போர்க்களத்தில் பெயர் பெற்றவர், படத்திலோ பூவோடு இருக்கிறார். வாள் மட்டும் தெரிந்தவனல்லன், நாகரிகமும் தெரிந்தவன் என்பதை அந்தப் பூ சொல்கிறது.

இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டு போனவர்கள் மொகலாயர்கள். பேரரசர் ஜஹாங்கீர் 1620ஆம் ஆண்டு வசந்த காலத்தில் காஷ்மீருக்குப் போனார். அங்கே மலர்ந்திருந்த பூக்களைக் கண்டு மயங்கி, உடன் வந்த ஓவியர் உஸ்தாத் மன்சூரை வரையச் சொன்னார். மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்ததாகப் பேரரசரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதே காலத்தில் ஐரோப்பியப் பாதிரிமார்களும் வணிகர்களும் அச்சிட்ட படங்களையும் நூல்களையும் அரண்மனைக்குக் கொண்டு வந்தார்கள். ஐரோப்பிய மூலிகை நூல்களில் ஒரு செடியைத் தண்டு, இலை, மொட்டு, விரிந்த பூ எல்லாம் தெரியும்படி வெற்றுத் தாளில் தனியாக நிறுத்தி வரைவார்கள். மொகலாய ஓவியர்கள் அந்த முறையைப் பிடித்துக்கொண்டார்கள். பாரசீகத்திலிருந்து வந்த மென்மையான கோடு, ஐரோப்பாவிலிருந்து வந்த செடியின் நிலை, காஷ்மீரில் கண்ணால் பார்த்த பூ, மூன்றும் கலந்தன. ஷாஜஹான் காலத்தில் உருவப்படங்களைச் சுற்றிய ஓரச் சட்டம் முழுக்கப் பூச்செடிகள் நிரம்பின. அவர் மகன் தாரா ஷிக்கோ தம் மனைவி நாதிரா பானுவுக்குப் பரிசளித்த படத் தொகுப்பு இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தாஜ்மகாலின் சுவரடியில் பளிங்கில் செதுக்கிய பூச்செடிகளும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவைதாம். ஒரே பூ தாளிலும் கல்லிலும் துணியிலும் பூத்தது.

துணியில் பூத்தது நம் கரையில்

உருவப்படத்தில் மிக அதிகமான பூக்கள் இருப்பது துணியில். அந்தத் துணிப் பூவின் கதையில் தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் பெரும் பங்கு இருக்கிறது.

சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து கையால் பூ எழுதிய பருத்தித் துணிகள் கப்பலேறின. எழுதுவது என்றால் உண்மையிலேயே எழுதுவதுதான். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்துவார்கள். பாலிலுள்ள கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். பிறகு மூங்கில் குச்சியால் பூவின் கோட்டை வரைவார்கள். படிகாரம் தடவிய இடம் சாயவேரில் கொதித்தால் சிவக்கும். இரும்பு நீர் தடவிய இடம் கறுக்கும். நீலம் வேண்டுமென்றால் மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். இப்படி ஏறிய நிறம் துவைக்கத் துவைக்க மெருகேறுமே தவிர, வெளுக்காது. அந்த நாளில் ஐரோப்பாவுக்கு இந்த வித்தை தெரியாது.

மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே, அதாவது 1511இல் போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே, நம் வணிகர்கள் துணி மூட்டைகளோடு மலாக்காத் துறைமுகத்தில் இருந்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் வணிகக் கூடம் அமைத்ததற்கும் முக்கியமான காரணம் துணிதான். நம் கரைத் துணியைக் கொடுத்து இந்தத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, இங்கிலாந்து மக்களின் சுவைக்கு ஏற்றபடி வெண்மையான தரையில் பூ வேண்டும் என்று 1643இல் இந்தியாவிலிருந்த தன் ஆட்களுக்கு எழுதியது. பின்னர் மாதிரிப் படங்களையும் அனுப்பியது. நம் கைவினைஞர் அந்த மாதிரியைப் பார்த்துத் தம் கைப்பழக்கத்தில் எழுத, இந்தியப் பூவும் அல்லாத, ஆங்கிலப் பூவும் அல்லாத ஒரு புதுப் பூ பிறந்தது. அது ஐரோப்பாவில் எவ்வளவு விலை போனதென்றால், உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686இல் பிரான்சும் 1700இல் இங்கிலாந்தும் அந்தத் துணிக்குத் தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

ஆங்கிலேயர் பிறகு அதைத் தாங்களே அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் மோரிஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பழைய சாய முறைகளைப் படித்து, அவுரி நீலத்தில் பூத்துணிகள் செய்தார்; பூ வடிவச் சுவர்த்தாள்களும் வடிவமைத்தார். ஒபாமாவை வரைந்த வைலி, தம்முடைய வேறு பல உருவப்படங்களின் பின்னணிக்கு எடுத்துக்கொண்டவற்றில் மோரிஸின் பூ வடிவங்களும் உண்டு. சோழமண்டலக் கரையில் தொடங்கிய கொடி, எத்தனை கடல் கடந்து எங்கே போய்ப் படர்ந்திருக்கிறது என்று பாருங்கள்!

பாத்திக் சொல்லும் சேதி

அதே கொடியின் இன்னொரு கிளை கிழக்கே வந்தது. பாத்திக், ஜாவா மக்களின் சொந்தக் கலை. அதில் ஐயமில்லை. ஆனால் ஜாவாவின் வடகரை ஊர்களில் செய்யப்பட்ட பாத்திக்கில் சோழமண்டலத் துணிகளின் பூங்கொடியும், சிவப்பு நிறத்தின் மேல் மோகமும், கரையில் வரும் முக்கோண வரிசையும் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிறகு பெக்காலோங்கான் நகரில் எலிசா வான் சூலன் போன்ற ஐரோப்பிய வம்சாவளிப் பெண்கள் பட்டறை வைத்து, ஐரோப்பியப் பூங்கொத்தை அப்படியே சாரோங்கில் இறக்கினார்கள். சீனப் பட்டறைக்காரர்கள் அதற்குத் தங்கள் மென்மையான நிறங்களைச் சேர்த்தார்கள்.

இந்தச் சாரோங்கைத்தான் பினாங்கிலும் மலாக்காவிலும் நோன்யாப் பெண்கள் கெபாயாவோடு உடுத்தினார்கள். தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்கா செட்டிப் பெண்களும் சாரோங் கெபாயா உடுத்தினார்கள். ஆகவே ஒரு நோன்யாப் பாட்டியின் பழைய உருவப்படத்தில் மடியில் தெரியும் பூங்கொத்தைப் பார்த்தால், அதில் ஹாலந்து இருக்கிறது, ஜாவா இருக்கிறது, சீனம் இருக்கிறது, கொஞ்சம் நம் கரையும் இருக்கிறது.

நம் நாட்டு ஓவியர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே பேட்ரிக் இங் கா ஒன் "பாத்திக் மலாயா" என்ற ஓவியத்தை வரைந்தார். பினாங்கின் சுவா தியென் தெங் பாத்திக்கை உடுத்தும் துணி என்ற நிலையிலிருந்து சட்டம் போட்டு மாட்டும் ஓவியமாகவே மாற்றினார். அவருடைய மெழுகும் சாயமும் கொண்ட தாய்சேய்ப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. புதிய நாட்டின் முகம் எது என்ற கேள்விக்கு அவர்கள் துணியிலும் பூவிலும் பதில் தேடினார்கள்.

அழகன்குளத்திலிருந்து பினாங்குக்கு

தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய மலேசிய ஓவியர் ஒருவர் இருக்கிறார். சையத் தாஜுதீன். 1943இல் இராமநாதபுரம் மாவட்டத்தின் அழகன்குளத்தில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்தவர். ஓவியம் படிக்கச் சென்னை அரசு கலைத் தொழிற்கல்லூரிக்குப் போனார். இராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் வரைந்த அவருடைய 1972ஆம் ஆண்டு ஓவியம் நம் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹங் துவா, குனோங் லேடாங் இளவரசி போன்ற மலாய்க் காவிய மாந்தர்களையும் வரைந்திருக்கிறார்.

அவர் வரையும் பெண்களின் நீண்ட கண்ணும் வளைந்த உடலும் அஜந்தாவை நினைவூட்டும். தட்டையான நிறப் பரப்பு இந்தியச் சிற்றோவியங்களை நினைவூட்டும். உடையோ மலாய் நாட்டு உடை. சுற்றிலும் பூவும் பறவையும். இந்தப் பூ எந்த நாட்டுப் பூ என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. அழகன்குளம் ஒரு பழைய துறைமுகம். ரோமாபுரியோடு வணிகம் செய்ததற்கான சான்றுகள் அங்கே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கடல் கடந்து கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த ஊரில் பிறந்தவர் இப்படி வரைந்ததில் ஆச்சரியமில்லை.

நம் வீட்டுச் சுவருக்கு வந்த பூ

சாதாரணக் குடும்பங்களுக்கு ஓவியரைக் கூப்பிட்டு வரைய வசதி ஏது? நம் சுவருக்கு வந்தவை அச்சுப் படங்கள். அதற்கு வழி திறந்தவர் ராஜா ரவிவர்மா. 1873இல் சென்னைக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்த படம், கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம். எண்ணெய் வண்ணம் ஐரோப்பியருடையது, பூச்சரம் நம்முடையது. 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, ஜரிகைப் பூ போட்ட சேலையும் கையில் தாமரையுமாக லட்சுமியும் சரஸ்வதியும் வீடுதோறும் வந்தார்கள். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த காலண்டர் படங்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

நம் தாத்தா பாட்டிகள் படம் எடுத்துக்கொள்ள நகரத்து ஸ்டூடியோவுக்குப் போனார்கள். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை வந்த பிறகு மலையிலிருந்து இறங்குவது எளிதாயிற்று. அந்த நாளைய ஸ்டூடியோக்கள் பல சீனரும் ஜப்பானியரும் நடத்தியவை. பின்னால் தூணும் பூந்தொட்டியும் தோட்டமும் எழுதிய திரைச்சீலை தொங்கும். தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்கள் ஒரு நிமிடம் அந்தப் பூந்தோட்டத்துக்கு உரிமையாளர்கள்போல நின்றார்கள். அதைப் போலி என்று சிரிக்க வேண்டாம். தங்களைப் பிள்ளைகள் எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த தோற்றம் அது.

இதற்கு நேர்மாறான படங்களும் உண்டு. சிங்கப்பூரின் லாம்பர்ட் நிறுவனம் போன்றவை அந்த நாளில் "தமிழ்ப் பெண்", "தமிழ்ச் சிறுமி" என்ற தலைப்போடு நம் மக்களின் படங்களை எடுத்து விற்றன. மூக்குத்தி தெளிவாகத் தெரியும், தலைப்பூ தெரியும், சேலைக் கரை தெரியும். பெயர் மட்டும் இருக்காது. அந்தப் பூ, ஒரு மனுஷியின் அடையாளமாக இல்லாமல் ஓர் இனத்தின் அடையாளச் சீட்டாகிவிட்டது. ஒபாமா படத்தில் பூவும் பேசுகிறது, பெயரும் இருக்கிறது. இங்கே பூவுக்குப் பெயர் சொல்லிவிடலாம், சூடியவருக்குச் சொல்ல முடியாது. சோழமண்டலக் கரையில் அந்தப் பூவை எழுதிய கைகளுக்கும் பெயர் எஞ்சவில்லை.

ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும்

பூ அதிகமானால் முகம் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திறமையற்ற கையில் மறைந்துதான் போகும். ஆனால் வான்கோ, ஜப்பானிய அச்சோவியங்களில் ஊறிய காலத்தில், ரூலேன் என்ற அஞ்சல் ஊழியரை 1889இல் பூக்கள் நிறைந்த பின்னணியில் வரைந்தார். அவர் மனைவியையும் பெரிய பெரிய பூக்கள் போட்ட சுவரின் முன் உட்கார வைத்தார். அந்த எளிய மனிதர்களின் முகம் இன்றும் மறையவில்லை. பூ முகத்தோடு போட்டி போடாமல் அதற்குத் துணை நின்றால் படம் பிழைக்கும்.

நம் தமிழ் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்தவரின் படத்துக்கு மாலை போடுவோம். இப்போது பல வீடுகளில் அது பிளாஸ்டிக் மாலை. படத்துக்கு வெளியே தொங்கும் மாலை, அவர் போன பிறகு நாம் போட்டது. படத்துக்கு உள்ளே இருக்கும் பூ, அவர் உயிரோடு இருந்தபோது தாமே விரும்பிச் சூடியதும் உடுத்தியதும். நாம் வெளியே உள்ள மாலையை மாற்றுகிறோம், உள்ளே இருக்கும் பூவைப் பார்ப்பதில்லை.

தோட்டத்து லயங்களை விட்டு மக்கள் வெளியேறும்போது முதலில் தொலைவது இந்தப் பழைய படங்கள்தாம். சட்டம் உடைந்தது, செல்லரித்தது என்று வீசிவிடுகிறோம். ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த வாரம் வீட்டிலுள்ள பழைய படங்களை இறக்குங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இது யார், எந்த ஊர், எந்த ஆண்டு, உடுத்தியிருப்பது என்ன துணி, தலையில் என்ன பூ? மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு நகல் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். பெட்டியில் அந்தச் சேலையோ சாரோங்கோ இருந்தால் படத்தோடு சேர்த்து வையுங்கள்.

ஓவியம் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கும் ஒன்று. பாட்டியை வரை என்று மாணவரிடம் சொன்னால், அவர் சேலையின் பூவையும் பார்த்து வரையச் சொல்லுங்கள். படத்தின் கீழே பாட்டியின் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். நூறு ஆண்டுக்கு முன் எடுத்த படங்களில் விடுபட்டுப்போன பெயர், இந்தத் தலைமுறைப் படங்களில் விடுபடக் கூடாது.